மதராசுக்கு ஆறு முறை போன வேதவல்லி

1934ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11ஆம் தேதி, புதன்கிழமை, ஆம்பூர் தபாலாபீசுக்கு எஸ். கன்னியப்பன் என்ற பெயருக்கு மதராசிலிருந்து ஒரு கனத்த உறை வந்தது.

உறைக்குள் ‘விரிஞ்சிபுரம் வேதவல்லி’ என்ற கதை இருந்தது. எழுதியவர் கன்னியப்பன்தான். ‘லோக விநோதினி’ வாரப் பத்திரிகைக்கு அவர் அனுப்பி, அது மூன்றாம் முறையாகத் திரும்பியிருந்தது. கூடவே வழக்கமான அச்சடித்த சீட்டும் வந்திருந்தது. தங்கள் விஷயம் எமது பத்திரிகைக்கு ஏற்றதாயில்லை, வருந்துகிறோம்.

கன்னியப்பன் வருந்தவில்லை. உறையின் மேலிருந்த தபால் முத்திரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். முதல் தடவை கதை திரும்பி வர இருபத்தொரு நாள் ஆயிற்று. இரண்டாம் தடவை பதினான்கு. இப்போது ஒன்பது.

“பாய், இதைக் கவனிச்சீங்களா? வரவர சீக்கிரமா படிக்கிறாங்க” என்றார், ரஃபி அகமதுவிடம்.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில். ஊரில் தோல் பதனிடும் இடத்துக்கு ஷாப்பு என்று பெயர். அந்த ஷாப்பில் கன்னியப்பன் குமாஸ்தா. ரஃபி அகமது தரம் பிரிப்பவர். பதனிட்டு உலர்ந்த தோலை விரித்து, கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, “முதல்”, “ரெண்டு”, “மூணு”, “ரிஜெக்‌ஷன்” என்று அவர் சொல்வார். கன்னியப்பன் எழுதுவார். பதினோரு வருஷமாக இப்படித்தான். பதினோரு வருஷமும் இன்னொருவர் வாயிலிருந்து வந்ததையே எழுதிக்கொண்டிருந்த கைக்குத் தானாக ஒன்றை எழுதி, அதற்கடியில் தன் பெயர் அச்சில் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. மதியச் சாப்பாடு முடிந்ததும் கிடங்கில் தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு கட்டையே மேஜையாக்கிக்கொண்டு அவர் எழுதுவது அந்த ஆசையினால்தான்.

“சீக்கிரமா படிச்சிட்டு சீக்கிரமா அனுப்பிச்சிட்டாங்க. இதுல இன்னா சந்தோஷம் உனக்கு?” என்றார் ரஃபி அகமது.

“கிட்ட வந்துட்டேன்னு அர்த்தம் பாய்.”

வீட்டில் இந்தக் கணக்கு எடுபடவில்லை. அமிர்தவள்ளி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள். உறையைத் திண்டின் மேல் வைத்தவள், கணவரை நேராகப் பார்த்தாள்.

“ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இந்த வீட்டுல கிடையாது. எங்கயாவது போலாம்னா கதை. யாராவது வந்தா கதை. பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள அச்சுல வரலைன்னா பேனாவை எங்கிட்ட குடுத்துடணும். அதுக்கப்புறம் எழுத்துன்னு பேச்சே எடுக்கக் கூடாது.”

“வரும்.”

“வரலைன்னா?”

“குடுத்துடறேன்” என்றார் கன்னியப்பன்.

மறுநாளே அவர் யோசனை கேட்கப் புறப்பட்டார். அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. தரம் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதர் பத்தடி தூரத்தில் இருக்கிறார், அவரை விட்டுவிட்டு மதராசில் இருப்பவனிடம் போய்த் தரம் கேட்டோமே என்று தோன்றியது.

ரஃபி அகமதுவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கன்னியப்பன் வாசித்தார். பாய் கண்ணை மூடிக்கொண்டு, எதிரே தோல் விரித்திருப்பதுபோலக் கட்டைவிரலை ஆட்காட்டி விரலில் தேய்த்துக்கொண்டே கேட்டார். விரிஞ்சிபுரத்துச் சுந்தரேசன் வேதவல்லியைக் காதலிக்கிறான். அவளை வேறிடத்தில் கட்டிக் கொடுக்கிறார்கள். அவன் பாலாற்றில் குதித்து மூழ்கிவிடுகிறான்.

“முதல் மூணு பக்கம் கழுத்து. சுருக்கம் ஜாஸ்தி. வெட்டிடு.”

“அது சூரிய உதயம் பாய்.”

“தினம்தான் உதிக்குது. வெட்டு. நடுவுல வயித்துத்தோல், தொளதொளன்னு கிடக்குது. அதுலயும் கொஞ்சம் கம்மி பண்ணு. முதுகு மட்டும் நல்லா இருக்குது.”

“முதுகு எது பாய்?”

“அவன் ஆத்துல குதிக்கிறானே, அது. ஆனா அதுல ஒரு ஓட்டை.”

“இன்னா ஓட்டை?”

“ஆத்துல தண்ணி எங்கப்பா?”

கன்னியப்பன் தாளைப் பார்த்தார். “கதைல ஓடுது” என்றார்.

“விரிஞ்சிபுரத்துலயா? போன வாரம்தான் வண்டியோட அங்க ஆத்தைத் தாண்டுனேன். சக்கரம் நனையலை. உன் ஆளு மூழ்கணும்னா மொதல்ல ஊத்து தோண்டணும். பெரிய வெள்ளம் வந்தப்போ எனக்குப் பதினஞ்சு வயசு. அதுக்கப்புறம் நான் பார்த்ததெல்லாம் மணல்தான்.”

சூரிய உதயம் போயிற்று. ஆறு போயிற்று. சுந்தரேசன் கிணற்றில் குதித்தான்.

பிரதி எடுத்து முடித்தபோது ஆடி மழை பிடித்துக்கொண்டது. போன தடவை உறையில் ஈரம் இறங்கி ஓரத்தில் மை கரைந்திருந்தது. அதைக் கேட்டதும் ரஃபி அகமது எழுந்து போய் ஒரு ஆட்டுத்தோலைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்.

“இதுல சுத்து. கப்பல்ல சீமைக்குப் போற சரக்கு. நான் முதல் தரம்னு சொன்ன தோலு. மீன் எண்ணெய் ரெண்டு கை தடவிட்டா, தண்ணிக்குள்ள போட்டாலும் உள்ள இறங்காது.”

மீன் எண்ணெய் தாராளமாகத் தடவினார்கள். கன்னியப்பன் கட்டைத் தபாலாபீசுக்குத் தானே எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆறாம் நாள் கதை திரும்பி வந்தது. ஆனால் இந்தத் தடவை இரண்டு விசேஷங்கள் இருந்தன. ஒன்று, ஆட்டுத்தோல் திரும்பி வரவில்லை. புதிய பழுப்புக் காகிதத்தில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். இரண்டு, அச்சடித்த சீட்டின் கீழே யாரோ தம் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்கள். இனி தாங்கள் எதுவும் அனுப்புமுன் ஒரு கார்டில் தெரிவிக்கவும்.

கன்னியப்பன் அந்த வரியை ஷாப்பு முழுதும் காட்டினார். “முன்கூட்டி சொல்லச் சொல்றாங்க பாய். நாம அனுப்பறது எப்ப வரும்னு தெரிஞ்சு காத்துக்கிட்டு இருக்கணுமாம்.”

ரஃபி அகமதுவுக்குத் தோல் விஷயம்தான் பெரிதாகப் பட்டது. “வச்சிக்கிட்டாங்க பாரு. மதராஸ்காரனுக்கு சரக்கு தெரியும். அடுத்த தடவை இதைவிடப் பெரிசா தரேன்.”

இப்போது கன்னியப்பனின் நம்பிக்கை வீட்டுக்குள்ளும் நுழைந்தது. ஆசிரியரே கைப்பட எழுதியதைப் பார்த்த அமிர்தவள்ளி, முதல் தடவையாகக் கதையை உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்தபின் கேட்டாள்.

“எந்தக் கிணறு?”

“ஒரு கிணறு.”

“விரிஞ்சிபுரத்துல கோயிலுக்குத் தெக்கால, வேலியோரம் இருக்கிற கிணறுன்னு எழுதி இருக்கீங்க. அது செல்லம்மா அத்தை வீட்டுக் கிணறு. பொணம் விழுந்த கிணத்துல அத்தை எப்படித் தண்ணி சேந்துவாங்க?”

“கதைதானே அமிர்தம்.”

“அத்தைக்குப் படிக்கத் தெரியும்.”

அத்தையைக் கன்னியப்பனுக்கும் தெரியும்.

“இன்னொண்ணு. இந்தப் பொண்ணு பத்துப் பக்கமா அழுதுகிட்டே நிக்கிறா. ஒரு வேளை சோறு வடிக்கலை. வீட்டுல யார் சமைக்கிறது? இப்படி ஒரு பொண்ணை எவன் கட்டிக்குவான், எவன் கிணத்துல குதிப்பான்?”

வேதவல்லி சமைத்தாள். ஒன்றரைப் பக்கத்துக்குக் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். புளி கரைத்த அளவை அமிர்தவள்ளியே சொன்னாள். சுந்தரேசன் கிணற்றை விட்டு, காட்பாடிப் பக்கம் ஓடும் ரயிலிலிருந்து கீழே விழுந்து செத்தான்.

கதை ஐப்பசியில் புறப்பட்டது. கார்டு முன்னால் போயிற்று. பெரிய தோல், மூன்று கை மீன் எண்ணெய்.

நாலாம் நாள் திரும்பி வந்தது. தோல் மீண்டும் வரவில்லை. ‘ஏற்றதாயில்லை’ என்ற சொல்லின் கீழ் நீலப் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

“நாலே நாள். போக ஒரு நாள், வர ஒரு நாள். அப்ப வந்ததுமே எடுத்துப் பார்த்திருக்காங்க. இப்படி ஒரு ஆர்வம் யாருக்குக் காட்டுவாங்க?” என்றார் கன்னியப்பன். ஆனால் குரலில் முந்தைய வலு இல்லை. பொங்கலுக்கு இரண்டரை மாதம் இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு அமிர்தவள்ளியின் தம்பி துரைசாமி வேலூரிலிருந்து வந்தான். வேலூரில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவன். அச்சுக்குப் போகிற எழுத்தையெல்லாம் தலைகீழாகப் படித்துப் பழகியதால், இலக்கியத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவன் எண்ணம். அக்காள் வீட்டுக்கு வந்தால் அவன் உள்ளே உட்கார மாட்டான். துண்டை மூக்கோடு சேர்த்து வாயில் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே இருப்பான். ஆம்பூர்ப் புழுதி ஒத்துக்கொள்ளவில்லை என்பான்.

“நீயே படிச்சுப் பாரு துரை” என்று கன்னியப்பன் பிரதியை நீட்டினார்.

துரைசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “நீங்க படிங்க மாமா, நான் கேக்கிறேன். தினம் பூரா எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு வலிக்குது.”

கேட்டு முடித்துவிட்டு, “ரயில்ல இருந்து விழுந்தானா? தள்ளினது யாரு?” என்றான்.

“யாரும் தள்ளலை. காதல்.”

“போலீஸ் ஒத்துக்காது மாமா. ரயில்ல இருந்து ஒருத்தன் விழுந்தா விசாரணை உண்டு. இப்ப எங்க ஆபீசுக்கு வர்ற புஸ்தகம் எல்லாத்துலயும் துப்பறியறவன் வர்றான். அவன் வரலைன்னா நாங்க நாலு பக்கம்கூட அடிக்கிறது இல்லை.”

“நம்ம விரிஞ்சிபுரத்துக்குத் துப்பறியறவன் எங்கிருந்துடா வருவான்?” என்றாள் அமிர்தவள்ளி.

“பம்பாயிலேருந்து வரட்டும்.”

வந்தான். மிஸ்டர் ராவ் என்று பெயர். வேதவல்லி வைத்த கத்திரிக்காய்க் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, புளியின் அளவைக்கொண்டே கொலைகாரன் அந்த வீட்டில்தான் இருக்கிறான் என்று கண்டுபிடித்தான். அமிர்தவள்ளிக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போயிற்று. பன்னிரண்டு பக்கமாக இருந்த கதை நாற்பத்திரண்டு பக்கம் ஆயிற்று.

அத்தனை தாளையும் தைத்தபோது நடுவில் மேடு தட்டி நின்றது. ஆசிரியர் கையில் அழகாக உட்கார வேண்டும் என்று கன்னியப்பன் நினைத்தார். கட்டு அழுத்தும் யந்திரத்தில் அப்போது ஏற்றுமதிச் சரக்கு ஏறியிருந்தது. ஆகவே பிரதியைத் தோலில் சுற்றி, பதனிட வந்திருந்த உப்புத் தோல் அம்பாரத்துக்கு அடியில் வைத்தார்கள். மூன்று நாள் கழித்து எடுத்தபோது பலகை மாதிரி தட்டையாக இருந்தது.

“இது முதல் தரம்” என்றார் ரஃபி அகமது, கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு. அவர் ஒரு விஷயத்துக்கு அப்படிச் சொல்வது அபூர்வம்.

டிசம்பர் 20ஆம் தேதி அனுப்பினார்கள். நாலு நாள் ஆயிற்று. கதை வரவில்லை. ஆறு நாள் ஆயிற்று. வரவில்லை. எட்டாம் நாள் கன்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

“வரலைன்னா நல்லதுதானே? வச்சிக்கிட்டாங்கன்னு அர்த்தம்” என்றாள் அமிர்தவள்ளி.

“உனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் சீக்கிரமா வந்துட்டிருந்துச்சு. இப்பதான் எடுத்துப் பார்க்கக்கூட மனசு இல்லாம போட்டு வச்சிருக்காங்க. ஆர்வம் விட்டுப் போச்சு.”

ஷாப்பிலும் அதே பேச்சு. “பேஜாரா இருக்குதுப்பா. பெரிய தோலு வேற போயிருக்குது” என்றார் ரஃபி அகமது.

ஜனவரி பத்தாம் தேதி கன்னியப்பன் பேனாவை எடுத்துத் துடைத்தார். மை நிரப்பவில்லை. மூடியைத் திருகி, அமிர்தவள்ளியின் தையல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அவள் பார்த்தாள்.

“இன்னும் நாலு நாள் இருக்குது. எடுத்து உள்ள வைங்க” என்றாள்.

“சொன்ன சொல்லு.”

“சொன்னது நான். நாளும் நான் வச்சதுதான். எடுத்து வைங்க.”

ஜனவரி பன்னிரண்டு, சனிக்கிழமை. போகிக்கு முந்தின நாள். தபால்காரர் ஷாப்பு வாசலில் ‘லோக விநோதினி’ பொங்கல் இதழைக் கொடுத்துவிட்டுப் போனார். பதினேழாம் பக்கத்தில் ‘விரிஞ்சிபுரம் வேதவல்லி’. அடியில், எஸ். கன்னியப்பன், ஆம்பூர்.

கன்னியப்பன் கதையைப் படிக்கவில்லை. அடியில் இருந்த அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு ரஃபி அகமதுவின் கட்டைவிரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தார். பாய் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத் தோளைத் தட்டினார்.

பொங்கல் நன்றாகத்தான் கழிந்தது. அதற்குப் பிறகுதான் சண்டை தொடங்கியது.

“நான் கழுத்தை வெட்டலைன்னா இது தேறி இருக்காது” என்று ரஃபி அகமது ஷாப்பில் சொல்லிக்கொண்டிருந்தார். குழம்புதான் கதையைத் தூக்கி நிறுத்தியது என்று அமிர்தவள்ளி கிணற்றடியில் சொன்னாள். மிஸ்டர் ராவ் தன் கையால் பிறந்தவர் என்று துரைசாமி வேலூரில் அச்சாபீஸ் முழுதும் சொல்லியிருந்தான். கதையில் தான் எழுதியது என்ன மிச்சமிருக்கிறது என்று கன்னியப்பன் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தார். வேதவல்லி என்ற பெயரும் விரிஞ்சிபுரமும் இருந்தன.

ஆனாலும் அவர் கலங்கவில்லை. ஊர் வாசகசாலையில் ‘எழுத விரும்புகிறவர்களுக்கு’ என்று ஒரு மணி நேரம் பேசினார். விடாமுயற்சி, திருத்தத் திருத்த மெருகேறுவது, பெரியவர்கள் அபிப்பிராயத்தை மதிப்பது ஆகிய மூன்றையும் விளக்கினார்.

ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கன்னியப்பன் வீட்டில் ரஃபி அகமது இருந்தார். துரைசாமி வாசற்படியில் இருந்தான். சண்டை கழுத்தா, குழம்பா, ராவா என்ற இடத்தில் நின்றது. அப்போது ‘லோக விநோதினி’க்குச் சந்தா சேர்க்கும் ஏஜண்டு சீனிவாசன், முகவரி விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார்.

“ரயில் புழுதியா?” என்று அமிர்தவள்ளி ஒரு செம்பு மோர் கொடுத்தாள். அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கைக்குட்டையை மறுபடி வைத்துக்கொண்டார்.

“சார், நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லிட்டுப் போங்க” என்றார் ரஃபி அகமது. “கதையில எந்த இடம் உங்க ஆசிரியருக்குப் பிடிச்சிது?”

“அது எனக்குத் தெரியாதுங்க.”

“அஞ்சு தடவை திருப்பி அனுப்பிச்சிட்டு ஆறாவது தடவை எடுத்திருக்கார். எந்தத் திருத்தம் சரியா விழுந்ததுன்னு சொல்லியிருப்பாரே” என்றார் கன்னியப்பன்.

ஏஜண்டு சற்றுத் தயங்கினார். “அந்த அஞ்சு தடவையும் அவர் படிக்கலைங்க.”

“படிக்கலையா?”

“உங்க கட்டு வந்தா பியூன் அதை மாடிக்கே கொண்டு போக மாட்டான். பின்கட்டுல வேப்பமரத்துக் கிளையில கட்டித் தொங்க விட்டுடுவான். ஆசிரியர் மேலேருந்தே ஜன்னல் வழியா சீட்டு எழுதிப் போடுவார். முன்கூட்டி கார்டு போடச் சொன்னதும் அதுக்குத்தான். அன்னிக்கு அவர் ஆபீசுக்கு வர மாட்டார்.”

“அப்ப என் தோலு?” என்றார் ரஃபி அகமது.

“மூணையும் தோட்டத்துல குழி தோண்டிப் புதைச்சாச்சுங்க.”

“அது முதல் தரம்ங்க.”

“ஏங்க, எங்க கட்டுல அப்படி இன்னா இருந்துச்சு?” என்றாள் அமிர்தவள்ளி.

“வாசனைங்க” என்றார் ஏஜண்டு, மிகவும் மரியாதையாக.

கன்னியப்பன் மூச்சை இழுத்துப் பார்த்தார். ரஃபி அகமது எழுந்து ஜன்னல் வரை போய் இழுத்துப் பார்த்தார். அமிர்தவள்ளி ஐந்தாம் தடவை திரும்பி வந்த பிரதியையே எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் கொடுத்தாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இன்னா வாசனை?” என்றார் ரஃபி அகமது.

வாசற்படியில் துரைசாமி துண்டை இன்னும் நன்றாகப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்தான்.

“இருக்கட்டும்ங்க. ஆறாவது தடவையும் அதே தோலு, அதே எண்ணெய்தானே?” என்றாள் அமிர்தவள்ளி. “அதை மட்டும் எப்படிப் படிச்சாரு?”

“டிசம்பர் கடைசியில அவரே மரத்தடிக்கு வந்து கட்டை அவிழ்த்து எடுத்துட்டுப் போனார். பலமான ஜலதோஷம்மா. பதினஞ்சு நாள் அவருக்கு மூக்கே வேலை செய்யலை” என்றார் ஏஜண்டு.

கன்னியப்பன் தம் இரண்டாவது கதையைச் சித்திரையில் எழுதி முடித்தார். மார்கழி பிறக்கும் வரை வைத்திருந்து மதராசுக்கு அனுப்பினார். அது தை மாதம் வெளிவந்தது.